யோகர் சுவாமிகள் நடந்த நடை

ஈழத்துச் சைவ உலகம் யோகர் சுவாமிகளை ஞானியெனப் போற்றும். இரணைமடுவிலுள்ள நாமோ, அவர் நம் பக்கத்தில் உத்தியோகம் பார்த்தவர் என்றும் சிறிது உரிமை பாராட்டுவோம். 1872ஆம் ஆண்டு மாவிட்டபுரத்திற் பிறந்த சுவாமிகள், இளமையில் இப்பகுதி நீர்ப்பாசன வேலையிற் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தார். அக்கால வன்னி காடும் காய்ச்சலும் மலிந்த நாடு. வேலை ஒழிந்த நேரத்தைத் தனிமையிலும் தியானத்திலும் அவர் கழித்தார்.

நல்லூர்த் தேரடியிற் செல்லப்பா சுவாமிகளைக் கண்டபின் உத்தியோகத்தைத் துறந்து குருவின் பின் சென்றார். செல்லப்பர் எளிதில் இணங்கும் குரு அல்லர். ஏச்சும் பட்டினியுமே அவர் வகுத்த பாடம். உடம்பு கேட்டதையெல்லாம் கொடாதிருக்கச் சீடர் பழகியது அங்கேதான்.

1910இல், ஏறக்குறைய 38 வயதில், சுவாமிகள் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை புறப்பட்டார். யாழ்ப்பாணத்து அடியார் செல்லும் வழி முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் எனக் கீழைக்கரையோரமாகச் சென்று, உகந்தைக்கு அப்பாற் குமனைக் காட்டிற் புகுவது. 300 மைலுக்கு மேல். ஒன்றரை மாதமாவது செல்லும்.

போரினால் நெடுங்காலம் அடைபட்டிருந்த அவ்வழி 2009க்குப் பின் திறந்தது. ஆனால் நம் இளைஞரிற் சிலர், புறப்படும் வாரத்தில் மாத்திரம் உற்சாகங்கொண்டு, முல்லைத்தீவை எட்டுமுன் பாதங் கொப்புளித்துப் பஸ் ஏறித் திரும்புகிறார்கள். மூன்று மாதம் முன்னரே, விடியற்காலையிற் குளக்கட்டில் இரண்டு மூன்று மைலாகத் தொடங்கி, வாரந்தோறும் சிறிது கூட்டவேண்டும். வாரத்தில் ஒருநாள் நெடுநடை, மறுநாள் ஓய்வு. கொண்டுபோகும் மூட்டையைத் தோளிலிட்டே பழகவேண்டும். பாதத்தோல் காய்ப்பதற்கும் நாள் வேண்டுமல்லவா? யாத்திரையில் விடியுமுன் நடந்து, உச்சிவெயிலில் நிழலிற் படுத்து, வெயில் தாழ மீண்டும் எழுவதே முறை. நீரும் உப்பும் குறைந்தால் வைரம் பாய்ந்த உடம்பும் சாய்ந்துவிடும்.

திரும்பிவந்த சுவாமிகள் கொழும்புத்துறையில் இலுப்பை மரத்தடியிலும், பின்னர் ஒரு குடிலிலும் இருந்தார். அப்போதும் நடையை விட்டாரில்லை. மைற்கணக்காக நடந்துபோய் அன்பர் வீட்டு வாசலில் திடீரென நிற்பார். கார் கொடுக்க அன்பர்களுக்குக் குறைவிருக்கவுமில்லை.

1961இல், தாம் வளர்த்த பசுவைப் பார்க்கச் சென்றவிடத்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் சக்கர நாற்காலியே துணையாயிற்று. 1964 மார்ச்சிற் சமாதியடையும்வரை, அன்பர்களே அவரைத் தேடிக் கொழும்புத்துறைக்கு வந்துகொண்டிருந்தார்கள்.