சலீம் அலியும் பரத்பூர் ஏரியும்

தேஹு ரோட்டுக்கு அண்மையில் ஓடும் பவனை, இந்திராயணி ஆகிய ஆறுகளின் கரையில் குளிர்காலத்துக் காலை வேளையில் நின்றால், நெடுங்கால் உள்ளான்கள் ஆழமற்ற நீரில் நடந்து இரை தேடுவதைக் காணலாம். இத்தகைய பறவைகளை அடையாளங்கண்டு பெயர் கூற இந்தியர் பலருக்குக் கற்பித்தவர் சலீம் அலி.

அவர் 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மும்பையில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியின் இல்லத்தில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டை வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. அது என்ன பறவை என்று அறிய மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குச் சென்றார். செயலாளர் மில்லார்டு பெயரைக் கூறியதோடு நில்லாமல், பாடம் செய்து வைக்கப்பட்ட பறவைகளையெல்லாம் அச்சிறுவனுக்குத் திறந்து காட்டினார். வேட்டையில் தொடங்கிய ஆர்வம் ஆராய்ச்சியாக மாறியது.

பெர்லினில் பறவையியல் பயின்று 1930இல் திரும்பியபோது, அருங்காட்சியகத்தில் அவர் வகித்த பணியிடம் நீக்கப்பட்டிருந்தது. வருவாய் இன்றி, மனைவி தெஹ்மினாவுடன் அலிபாகை அடுத்த கீஹிம் கடற்கரைச் சிற்றூரில் தங்கினார். அங்கே தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் உற்று நோக்கினார். ஆண்குருவி கூட்டைப் பாதி கட்டியபின் பெண்குருவி வந்து பார்த்து, பிடித்திருந்தால் மட்டுமே ஏற்றுக்கொள்ளும். ஆண்குருவி அதை முடித்துவிட்டு வேறொரு கூடு கட்டத் தொடங்கும். வேலையற்ற அந்நாள்கள்தாம் அவருக்குப் பெயர் தேடித் தந்தன எனலாம். இந்தியப் பறவைகளைப் பற்றிய அவரது நூல் 1941இல் வெளிவந்தது.

இராசத்தானத்தில் உள்ள பரத்பூர் ஏரி மன்னரின் வாத்து வேட்டைக்களமாக இருந்தது. 1938ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், அதாவது சலீம் அலியின் பிறந்தநாளன்று, அங்கே ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. அக்கணக்கு இன்றும் அங்குக் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது.

விடுதலைக்குப் பின்னர், ஏரியை வடித்து விளைநிலமாக்க வேண்டும் என்னும் கோரிக்கை எழுந்தது. நாட்டில் உணவுப் பற்றாக்குறை நிலவிய காலம் அது. உழவர்களின் கோரிக்கையைத் தவறு என எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் அந்நீர்நிலை அழிந்தால் வடதிசையிலிருந்து வரும் பறவைகளுக்குப் புகலிடம் இராது என்பதைச் சலீம் அலி உணர்ந்தார். பிரதமர் நேருவிடம் முறையிட்டார். ஏரி பிழைத்தது; 1956இல் பறவைகள் காப்பகமாயிற்று. அங்கே பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வலசையையும் அவர் ஆராய்ந்தார்.

அங்கு வந்த பறவைகளுள் மிக அரியது சைபீரியக் கொக்கு. வெண்ணிற உடலும் சிவந்த முகமும் கொண்டது. அதன் சிறகின் கருநுனி பறக்கும்போதுதான் தெரியும். சைபீரியாவிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, ஏரிச் சேற்றில் புதைந்த கிழங்குகளைத் தோண்டி உண்ணும். 1960களின் நடுவில் ஏறத்தாழ 200 கொக்குகள் வந்தன. வரும் வழியில் ஆப்கானித்தானத்திலும் பாகித்தானத்திலும் வேட்டையாடப்பட்டதால் எண்ணிக்கை குறைந்துகொண்டே சென்றது.

ஏரியைக் காக்க எடுத்த முடிவுகள் யாவும் சரியாக அமைந்தன என்று கூறுவதற்கில்லை. 1982இல் அங்குக் கால்நடை மேய்ச்சல் தடுக்கப்பட்டது. ஊர்மக்களுக்கும் காவலர்க்கும் மோதல் மூண்டது. எருமைகள் மேயாததால் புல் மண்டி, நீர்ப்பரப்பு சுருங்குவதைச் சலீம் அலி சார்ந்திருந்த கழகத்தின் ஆய்வே பின்னர் எடுத்துக்காட்டியது.

பத்ம விபூசண் விருது பெற்ற சலீம் அலி 1987ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள் மறைந்தார். அவர் பெயரால் கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் பறவையியல் ஆய்வு மையம் ஒன்று இயங்குகிறது. பரத்பூருக்கு 2001-02ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஓர் இணைக் கொக்குகள் மட்டுமே வந்தன. அதன்பின் அவை வரவில்லை.