வலிக்கு முந்திய மருந்து

லண்டன் அருகே 1918-ல் பிறந்த ஸிஸிலி ஸாண்டர்ஸ் அம்மையார் முதலில் நர்ஸ். முதுகு நோவினால் அவ்வேலையை விட்டார். 1948-ல் புற்றுநோயால் மாண்ட போலந்து அகதி டேவிட் டாஸ்மா, அம்மையார் கட்டவிருந்த இல்லத்தின் ஜன்னலுக்கென 500 பவுண்டு வைத்துச் சென்றார்.

அக்காலத்தில் பெரும்பாலும் நோயாளி துடித்த பிறகே மார்பியா கிடைக்கும். பழக்கமாகிவிடுமோ என்ற பயம். நர்ஸ் சொன்னால் யார் கேட்பார்? அம்மையார் டாக்டருக்குப் படித்து 1957-ல் தேறினார். பிறகு ஹாக்னி செயின்ட் ஜோசப் இல்லத்துக் கன்னியாஸ்திரீகளுக்கு ஒரு பாடம் கற்பித்தார்: வலியின் அளவை நோயாளியிடமே கேட்டறிந்து, அது திரும்புமுன் மணி தவறாமல் மருந்து தர வேண்டும். நோயாளிகள் மயங்கிக் கிடக்கவில்லை. முகம் தெளிந்து பேசினர்.

1967-ல் அவர் திறந்த செயின்ட் கிறிஸ்டபர் இல்லத்தில் பல நாட்டு நர்சுகள் பயின்றனர். டாஸ்மாவின் ஜன்னலும் அங்கே அமைந்தது. 2005-ல் அம்மையார் கண் மூடியதும் அங்கேதான்.