கல்வீட்டுச் சிறுவன்

ஐசக் நியூட்டன் என்றவுடன் ஆப்பிள் மரத்தடியில் அமர்ந்திருக்கும் ஒரு மேதையே நம் கண்முன் வருகிறார். அம்மரம் நின்ற வீட்டில் அவர் எப்படி வளர்ந்தார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இங்கிலாந்தில் கிராந்தம் என்னும் சந்தை நகருக்குத் தெற்கே வூல்ஸ்தார்ப் என்றொரு சிற்றூர். அங்கே சுண்ணாம்புக் கல்லால் கட்டிய பண்ணை வீட்டில், 1642-ஆம் ஆண்டு, அந்நாட்டின் பழைய நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸ் தினத்தன்று நியூட்டன் பிறந்தார். தந்தை அதற்கு முன்பே இறந்துவிட்டார். குறைமாதக் குழந்தை, ஒரு குவளைக்குள் அடங்கும் அளவே இருந்ததாம்!

குழந்தைக்கு மூன்று வயதானபோது தாய் ஹன்னா, ஆங்கிலிக்கன் சபைப் போதகர் ஒருவரை மறுமணம் செய்துகொண்டு அடுத்த ஊருக்குச் சென்றார். மகனைப் பாட்டியிடம் விட்டுவிட்டார். அந்த ஏக்கம் கோபமாக மாறியது. கேம்பிரிட்ஜில் படித்தபோது, 1662-இல், நியூட்டன் தம் பாவங்களைச் சுருக்கெழுத்தில் எழுதி வைத்தார். பாவசங்கீர்த்தனத்துக்குமுன் நாம் ஆத்தும சோதனை செய்வதில்லையா, அதுபோல. தாயையும் மாற்றாந்தந்தையையும் வீட்டோடு கொளுத்திவிடுவதாக மிரட்டியதும் அதில் ஒன்று. இவ்வளவு பெரிய மனிதரா இப்படி என்று நாம் திகைத்தே போனோம்.

1653-இல் மீண்டும் விதவையாகித் தாய் திரும்பினார். ஆனால் சில ஆண்டுகளில் மகனின் படிப்பை நிறுத்தி ஆடு மேய்க்க அனுப்பினார். அவரோ புத்தகத்தில் மூழ்க, ஆடுகள் அயலார் வயலில் மேய்ந்தன! கிராந்தம் பள்ளித் தலைமையாசிரியர் ஸ்டோக்ஸ் தாயிடம் மன்றாடி, கட்டணமும் வேண்டாமென்று கூறி, அவரை மீண்டும் அழைத்துக்கொண்டார். அந்த ஆசிரியர் இல்லாவிட்டால்?

1665-இல் கொள்ளைநோயால் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. நியூட்டன் அதே கல்வீட்டுக்கு வந்தார். வெள்ளொளியைப் பட்டகத்தில் செலுத்தி நிறங்களாகப் பிரித்ததும், புவியீர்ப்பைப் பற்றிச் சிந்தித்ததும் அப்போதுதான். (ஆப்பிள் தலையில் விழுந்தது என்பது பிறர் சேர்த்த கதை.) 1820-இல் புயலில் சாய்ந்த அம்மரம் மீண்டும் துளிர்த்து இன்றும் நிற்கிறது. சிறுவயதில் அவர் கீறியதாகக் கருதப்படும் காற்றாலைப் படம் ஒன்று 2017-இல் அவ்வீட்டுச் சுவரில் கண்டுபிடிக்கப்பட்டது.

1687-இல் வெளிவந்த பிரின்சிப்பியா நூலும், பின்னர் பெற்ற சர் பட்டமும் எல்லாரும் அறிந்தவையே. அவற்றுக்கெல்லாம் முன்பு, 1679-இல், நோயுற்ற இளைய மகனைக் கவனிக்க ஸ்டாம்ஃபோர்டு நகருக்குச் சென்ற தாய் தாமே கடுங்காய்ச்சலில் விழுந்தார். செய்தி கேட்டு நியூட்டன் ஓடிவந்தார். இரவெல்லாம் கண்விழித்தார். தம் கையாலேயே மருந்து கொடுத்தார். கொப்புளங்களுக்குக் கட்டுப் போட்டார். தாய் பிழைக்கவில்லை. வூல்ஸ்தார்ப்பை அடுத்த கோல்ஸ்டர்வொர்த் கோயிலில் அவரை அடக்கம் செய்தபின், நியூட்டன் பல மாதங்கள் அந்தக் கல்வீட்டிலேயே தங்கிவிட்டார்.