இளமையில் முதுமையை நடித்தவர்: சஞ்சீவ் குமார் மறைந்து 40 ஆண்டுகள்

ஹைதராபாத்: இந்தித் திரையுலகின் கதாநாயகர்கள் தங்கள் நரையை ஒப்பனையால் மறைத்துக்கொண்டிருந்த காலத்தில், தமது கருமுடிக்கு நரை பூசிக்கொண்டு ஒளிப்படக் கருவியின் முன் நின்றவர் சஞ்சீவ் குமார். குஜராத்தைச் சேர்ந்த இந்த நடிகர் மறைந்து 2025 நவம்பர் 6-ஆம் தேதியுடன் 40 ஆண்டுகள் நிறைவடைந்தன. சிறந்த நடிகருக்கான தேசிய விருதை இருமுறை பெற்ற அவர், 1985-ஆம் ஆண்டு மும்பையில் மாரடைப்பால் காலமானபோது அவருக்கு வயது 47 மட்டுமே.

சரிகை நகரத்துப் பிள்ளை: 1938-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி சூரத் நகரில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஹரிஹர். ஜரிவாலா என்பது குடும்பப் பெயர். சரிகைத் தொழிலைக் குறிக்கும் பெயர் அது. காஞ்சிபுரம் பட்டுச்சேலையின் கரையில் மின்னும் சரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்தே வருவதால், அந்த ஊர் தமிழக நெசவாளர்களுக்கு அந்நியமானதன்று. சிறுவயதிலேயே குடும்பத்துடன் அன்றைய பம்பாய்க்குக் குடிபெயர்ந்த ஹரிஹர், திரைப்புகழ் பெற்ற பின்னரும் நெருங்கிய நண்பர்களுக்கு ஹரிபாயாகவே இருந்தார்.

பம்பாயில் அவரை வளர்த்தது நாடக மேடை. இந்திய மக்கள் நாடக மன்றத்திலும், பின்னர் இந்திய தேசிய நாடக அரங்கிலும் அவர் நடித்தார். அமெரிக்க நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லரின் 'ஆல் மை சன்ஸ்' நாடகத்தின் தழுவலில் முதியவராக மேடையேறியபோது அவருக்கு வயது 22. அதே காலகட்டத்தில், ஏ.கே. ஹங்கல் இயக்கிய 'டம்ரு' நாடகத்தில் ஆறு பிள்ளைகளுக்குத் தந்தையான அறுபது வயது மனிதராக நடித்தார். மீசை அரும்பும் பருவத்தில் இத்தகைய வேடங்களை ஏற்பது, கதாநாயகனாக விரும்பும் ஒருவருக்கு அன்றும் இன்றும் ஆபத்தான தொடக்கம்தான்.

திரையில் அவருடைய முதல் அடி மிகச் சிறியது. 1960-இல் வெளிவந்த 'ஹம் ஹிந்துஸ்தானி' படத்தில் வந்து மறையும் ஒரு வேடம். முதன்முறையாகக் கதாநாயகனாக நடித்த 'நிஷான்' வெளிவர 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் தாய்மொழியையும் அவர் கைவிடவில்லை. லாட்டி சமஸ்தானத்தின் அரசராக இருந்து 26 வயதில் மறைந்த குஜராத்திக் கவிஞர் கலாபியின் வாழ்க்கையைச் சொல்லும் 'கலாபி' (1966) படத்தில் கவிஞராகவே நடித்தார். 1968-இல் வெளியான 'சங்கர்ஷ்' படத்தில் திலீப் குமாருக்கு எதிரே நின்றபோதுதான் இந்தித் திரையுலகம் அவரைக் கூர்ந்து கவனித்தது. 'ஷிகார்' படம் அவருக்குச் சிறந்த துணை நடிகருக்கான ஃபிலிம்பேர் விருதைப் பெற்றுத் தந்தது.

ஒரே பாத்திரம், மூன்று நடிகர்கள்: சஞ்சீவ் குமாரின் திரைவாழ்வில் தென்னகத்தின் பங்கு பெரிது. 1963-இல் தெலுங்கில் அக்கினேனி நாகேஸ்வர ராவ் நடித்து வெளிவந்த 'புனர்ஜன்மா' படத்தின் கதையை, 1970-இல் 'கிலோனா' என்ற பெயரில் எல்.வி. பிரசாத் இந்தியில் தயாரித்தார். ஹைதராபாத்தில் இன்று புகழ்பெற்ற கண் மருத்துவ நிறுவனம் ஒன்று தாங்கி நிற்பது அவருடைய பெயரைத்தான். மனநிலை பாதிக்கப்பட்ட இளைஞனாக 'கிலோனா'வில் சஞ்சீவ் குமார் நடிக்க, அவனைக் குணப்படுத்துவதற்காக மனைவியாக நடிக்க வரும் பெண்ணாக மும்தாஜ் நடித்தார். அவ்வாண்டின் சிறந்த படத்துக்கான ஃபிலிம்பேர் விருது 'கிலோனா'வுக்குக் கிடைத்தது. அதே 1970-இல் தமிழில் அதே கதையில் சிவாஜி கணேசனும் ஜெயலலிதாவும் நடித்தனர். அந்தப் படம் 'எங்கிருந்தோ வந்தாள்'.

மூன்று ஆண்டுகள் கழித்து இந்த மூவரும் ஒரே படத்தில் தோன்றினர் என்பது பலரும் கவனிக்கத் தவறிய செய்தி. ஏ.சி. திருலோகசந்தர் இயக்கிய 'பாரத விலாஸ்' (1973) படத்தில் தேச ஒற்றுமையைப் போற்றும் பாடலில், சிவாஜி நாயகனாக நடித்த அந்தப் படத்துக்குச் சிறப்புத் தோற்றத்தில் வந்தவர்கள் நாகேஸ்வர ராவ், மலையாள நடிகர் மது, சஞ்சீவ் குமார் ஆகியோர். தமிழ்த் திரையில் சஞ்சீவ் குமாரை நம் ரசிகர்கள் கண்டது அந்தச் சில நிமிடங்களில்தான்.

சிவாஜியின் நூறாவது படமான 'நவராத்திரி' இந்தியில் 'நயா தின் நயி ராத்' (1974) ஆனபோது ஒன்பது வேடங்களையும் ஏற்றவர் சஞ்சீவ் குமார். சாவித்திரியின் இடத்தில் ஜெயா பாதுரி. இயக்கியவர் தமிழ் ரசிகர்கள் நன்கறிந்த ஏ. பீம்சிங். ஒப்பீடு தவிர்க்க முடியாததாயிற்று. சிவாஜியின் நடிப்பில் முதலில் நம்மை வந்தடைவது குரல் என்றால், சஞ்சீவ் குமாரின் நடிப்பில் வந்தடைவது கண்கள் எனலாம். இருவரும் மேடையிலிருந்து வந்தவர்கள். ஆனால் மேடையிலிருந்து எடுத்து வந்தவை வேறு வேறு. தேங்காய் சீனிவாசன் தமிழில் முத்திரை பதித்த 'கலியுக கண்ணன்' வேடத்தையும் இந்தியில் 'யஹி ஹை ஜிந்தகி' (1977) மூலம் தயக்கமின்றி ஏற்றார். நாயக நடிகர் என்ற தகுதி அதற்குக் குறுக்கே நிற்கவில்லை.

மகளா, மனைவியா, மருமகளா: சஞ்சீவ் குமாரைவிட ஏறத்தாழ பத்து வயது இளையவர் ஜெயா பாதுரி. 1972-இல் வெளிவந்த 'பரிச்சய்' படத்தில் அவர் ஜெயாவுக்குத் தந்தை. அதே ஆண்டில் 'கோஷிஷ்' படத்தில் கணவர். 1975-இல் 'ஷோலே' படத்தில் மாமனார். மூன்றையும் பார்வையாளர்கள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டனர் என்பதே அவருடைய கலையின் அளவுகோல்.

'பரிச்சய்', 'கோஷிஷ்' இரண்டையும் இயக்கியவர் குல்சார். செவித்திறனும் பேச்சும் இல்லாத தம்பதியின் வாழ்க்கையைச் சொன்ன 'கோஷிஷ்' படத்தில் சஞ்சீவ் குமாருக்கு வசனமே இல்லை. இந்தப் படம் அவருக்கு இரண்டாவது தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. முதல் விருது, ராஜேந்தர் சிங் பேடி இயக்கிய 'தஸ்தக்' (1970) படத்துக்குக் கிடைத்தது. 'கோஷிஷ்' தமிழில் 1977-இல் கமல்ஹாசன், சுஜாதா நடிப்பில் 'உயர்ந்தவர்கள்' என மறுபிறவி எடுத்தது.

குல்சாருடன் அவர் இணைந்த படங்களில் 'ஆந்தி' (1975) தனி வரலாறு உடையது. அரசியல் தலைவியான மனைவியைப் பிரிந்து, ஆண்டுகள் பல கழித்துச் சந்திக்கும் விடுதி மேலாளர் வேடம் அவருக்கு. மனைவியாக நடித்தவர் சுசித்ரா சென். நெருக்கடி நிலைக் காலத்தில் தடைசெய்யப்பட்ட இப்படம், 1977-இல் ஆட்சி மாறிய பிறகே தடையிலிருந்து மீண்டது. சிறந்த நடிகருக்கான ஃபிலிம்பேர் விருது இப்படத்துக்காக அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டும் 'அர்ஜுன் பண்டிட்' மூலம் அவ்விருது அவரையே அடைந்தது.

பொதுமக்கள் நினைவில் நிலைத்த முகம் என்னவோ 'ஷோலே'யின் தாக்கூர்தான். பெங்களூரு அருகே ராமநகரத்தின் பாறைகளுக்கிடையே படமாக்கப்பட்ட அப்படத்தில், இரு கைகளையும் இழந்த முன்னாள் காவல் அதிகாரியாக, தோளில் போர்த்திய சால்வையோடு அவர் நிற்கிறார். கைகளின் உதவியே இல்லாமல் சினத்தையும் இயலாமையையும் காட்ட வேண்டிய வேடம். படம் வெளியானபோது அவருக்கு வயது 37. அவரை இளமையிலேயே முதியவராக மேடையேற்றிய ஹங்கல், அதே படத்தில் பார்வையற்ற இமாமாக நடித்தார்.

1978-இல் வெளிவந்த 'திரிசூல்' இன்னும் வியப்பானது. அதில் அமிதாப் பச்சனும் சசி கபூரும் அவருக்கு மகன்கள். உண்மையில் சசி கபூர் சஞ்சீவ் குமாரைவிட நான்கு மாதங்கள் மூத்தவர். இதற்கு முந்தைய ஆண்டில் சத்யஜித் ராயின் 'ஷத்ரஞ்ச் கே கிலாடி' படத்தில், சதுரங்கப் பலகைக்கு வெளியே உலகமே இல்லை என்றிருக்கும் லக்னோ பிரபுவாக நடித்தார். ஷேக்ஸ்பியரின் நகைச்சுவை நாடகத்தைத் தழுவிய 'அங்கூர்' (1982) படத்தில், இரட்டையர் இருவராகவும் அவரே நடித்துச் சிரிக்க வைத்தார்.

உடல் ஒத்துழைக்கவில்லை: குடும்பத்து ஆண்கள் பலர் ஐம்பது வயதைத் தொடாமலே இறந்தவர்கள். தமக்கும் அதுவே நேரும் என்ற அச்சம் அவரிடம் இருந்தது. திருமணம் செய்துகொள்ளவில்லை. மாரடைப்புக்குப் பின் அமெரிக்காவில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பியவர், மீண்டும் படப்பிடிப்புத் தளங்களுக்கே சென்றார்.

அவர் இறந்தபோது பல படங்கள் முடியாமலும் வெளியாகாமலும் இருந்தன. அவற்றுள் ஒன்று 'லவ் அண்ட் காட்'. குரு தத்தை நாயகனாகக் கொண்டு இயக்குநர் கே. ஆசிஃப் தொடங்கிய படம் அது. 1964-இல் குரு தத் இறந்தார். அவரிடத்துக்குச் சஞ்சீவ் குமார் வந்தார். 1971-இல் ஆசிஃபும் இறந்தார். படம் திரைக்கு வந்த 1986-இல் நாயகனும் இல்லை. கடைசியாக 1993-இல் வெளியான 'புரொஃபசர் கி படோசன்' படத்தில், அவருடைய பாத்திரத்துக்கு வேறொருவர் குரல் கொடுத்திருந்தார்.