பெயர் போட வேண்டாம் என்ற போட்டோகிராபர்... பழைய பாரிஸைச் சேமித்த யூஜீன் அட்ஜேவின் கதை!

விடிந்தும் விடியாத நேரம். பாரிஸின் ஒரு குறுகலான தெரு. கடைகள் இன்னும் திறக்கவில்லை. கல் பாவிய தரையில் ஈரம். மரப்பெட்டி கேமரா, மூன்று கால் ஸ்டாண்டு, கனமான கண்ணாடித் தகடுகள் என்று மொத்தமாக 15 கிலோவுக்கு மேல் சுமந்துகொண்டு ஒருவர் நடந்து வருகிறார். ஒரு மூலையில் நின்று, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, ஒரே ஒரு படம் எடுக்கிறார். மறுபடி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகிறார்.

இப்படியே சுமார் 30 வருடங்கள். அவர் பெயர் யூஜீன் அட்ஜே.

இன்ஸ்டாகிராமில் பழைய பாரிஸ் என்று தேடினால் வரும் கறுப்பு வெள்ளைப் படங்களில் இவர் எடுத்ததும் கண்டிப்பாக இருக்கும். ஆனால், இந்த மனுஷன் போட்டோகிராபர் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டவரே இல்லை.

1857-ல் பிரான்ஸின் லிபூர்ன் என்ற சிற்றூரில் பிறந்தார் அட்ஜே. சின்ன வயதிலேயே அம்மா அப்பா இருவரும் இறந்துவிட, தாத்தா பாட்டிதான் வளர்த்தார்கள். இளைஞரானதும் கப்பல் வேலைக்குப் போனார். ஆனால் மனசு முழுக்க நாடகம். பாரிஸ் வந்து நடிப்புக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். முதல் முறை கிடைக்கவில்லை, அடுத்த முறை கிடைத்தது. அதே நேரத்தில் கட்டாய ராணுவப் பணியும் இருந்ததால் வகுப்புகளுக்கு ஒழுங்காகப் போக முடியாமல், படிப்பை முடிக்கும் முன்பே வெளியேற்றப்பட்டார். அப்புறம் ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவில் சின்னச் சின்ன வேடங்கள். அங்கேதான் வாலன்டைன் என்ற நடிகையைச் சந்தித்தார். கடைசி வரை அவர்தான் துணை. 1887-ல் குரல் நாண்களில் தொற்று வர, நடிப்பும் போச்சு.

முப்பது வயது. கையில் தொழில் இல்லை. அப்போதுதான் கேமராவைக் கையில் எடுத்தார், முழுக்க வயிற்றுப் பிழைப்புக்காக!

அவர் பிசினஸ் ரொம்ப சிம்பிள். ஓவியர்களுக்கும் நாடக செட் போடுபவர்களுக்கும் இரும்பு வேலை செய்பவர்களுக்கும் மாதிரிப் படங்கள் தேவைப்பட்டன. ஒரு பழைய கதவு, மாடிப்படியின் கம்பி வளைவு, ஒரு மரம் என்று எடுத்து அவர்களுக்கு விற்றார். வீட்டுக் கதவில் அவர் மாட்டியிருந்த பலகையில், கலைஞர்களுக்கான ஆவணங்கள் இங்கே கிடைக்கும் என்பதுதான் விஷயம். தானும் ஒரு கலைஞர் என்று அந்தப் பலகை சொல்லவில்லை.

இந்த இடத்தில் பாரிஸைப் பற்றியும் கொஞ்சம் சொல்லணும். 1850-களில் தொடங்கி ஹௌஸ்மான் என்ற அதிகாரியின் தலைமையில் நகரத்தின் பழைய பகுதிகள் இடிக்கப்பட்டு, அகலமான நேர் சாலைகள் போடப்பட்டன. அவர் போன பிறகும் இடிப்பு நிற்கவில்லை. பல நூறு வருடத் தெருக்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பழைய பாரிஸைப் பதிவு செய்ய 1897-ல் நகராட்சியே ஒரு குழு அமைத்தது. அந்தச் சமயத்தில் அட்ஜேவும் முழுமூச்சாகப் பழைய தெருக்களுக்குத் திரும்பினார். நகரத்தின் புதுப் பெருமைகள் அவரை அவ்வளவாக ஈர்க்கவில்லை. நாளைக்கு இடிபடப்போகும் முற்றமும் பழைய சாராயக்கடையின் பெயர்ப்பலகையும்தான் அவருக்கு முக்கியம்.

சரி, அவர் படங்களில் அப்படி என்ன இருக்கு?

உங்கள் மொபைலை அண்ணாந்து பிடித்து ஒரு உயரமான கோபுரத்தை எடுத்துப் பாருங்கள். கட்டடம் பின்னால் சாய்ந்து விழுவது போலத் தெரியும். அட்ஜே கேமராவைச் சாய்க்கவே மாட்டார். அதை நேராக வைத்து, லென்ஸ் மாட்டியிருக்கும் முன்பலகையை மட்டும் மேலே தூக்குவார். சுவர்கள் செங்குத்தாக நிற்கும். ஆனால் அளவுக்கு மேல் தூக்கினால் லென்ஸின் வட்டம் தகட்டின் ஓரங்களை எட்டாது, மேல் மூலைகள் கறுப்பாக வளைந்துவிடும். அவருடைய பல படங்களில் அந்தக் கறுப்பு மூலைகள் அப்படியே இருக்கின்றன. வெட்டி எறியவில்லை. கட்டடம் நேராக நிற்பதுதான் அவருக்கு முக்கியம், மூலை எப்படிப் போனால் என்ன!

1925 மார்ச் மாதக் காலையில் வாலெட் தெரு முனையில் எடுத்த படம் எனக்கு ரொம்பப் பிடித்தது. முன்னால் தெருமுனைக் கட்டடம் அழுத்தமான இருட்டில் நிற்கிறது. தெரு போய் முடியும் இடத்தில் பிரமாண்டமான பாந்தியன் மண்டபம், பனியில் கரைந்து, பென்சிலால் லேசாக வரைந்தது போலத் தெரிகிறது. பெரிய கட்டடம் மெலிதாகவும் சாதாரண வீடு கனமாகவும்! இது தற்செயல் இல்லை. எங்கே நிற்க வேண்டும், எந்த நேரத்துக்கு வர வேண்டும் என்று தெரிந்த ஆளுக்குத்தான் அமையும். செயின்ட் க்ளூ பூங்காவின் மரங்களைப் பார்க்க வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் போனவர் அவர். எதுவும் தெரியாமல் எடுத்த அப்பாவி என்று அவரைச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

மனிதர்களும் இருக்கிறார்கள். 1890-களின் கடைசியில் தெரு வியாபாரிகளை வரிசையாக எடுத்தார். விளக்குக் கூண்டு விற்பவர், குப்பை பொறுக்குபவர்... அதில் ஒரு படத்தில் தாடி வைத்த முதியவர் கை ஆர்கன் வாசிக்க, பக்கத்தில் குட்டையான ஒரு பெண் வானத்தைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்போடு பாடுகிறார். ஒரு முறை பார்த்தால் மறக்காது. தெருப்படங்களில் சில இடங்களில் ஆட்கள் புகை மாதிரித் தெரிவார்கள். பேய் இல்லைங்க! லென்ஸ் சில நொடிகள் திறந்திருக்கும். அதற்குள் நடந்து போனவர் கலங்கலாகப் பதிந்துவிடுவார்.

பிரின்ட் போடுவதும் பழைய முறைதான். 18-க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகட்டை, முட்டை வெள்ளைக்கரு பூசிய தாள் மேல் அழுத்தி வெயிலில் வைப்பார். உண்மையில் அந்த பிரின்ட்கள் கறுப்பு வெள்ளைகூட இல்லை, லேசான பழுப்பு.

நூலகங்களும் அருங்காட்சியகங்களும் ஆயிரக்கணக்கில் வாங்கின. ஆனாலும் வாழ்க்கை வசதியாக இல்லை. முதல் உலகப்போரில் வாலன்டைனின் மகன் இறந்தார். 1920-ல் அட்ஜே தானே அரசுக்குக் கடிதம் எழுதி, பழைய பாரிஸ் மொத்தமும் தன்னிடம் இருப்பதாகவும், தனக்குப் பிறகு இவை என்ன ஆகுமோ என்று பயமாக இருப்பதாகவும் சொன்னார். 2,621 நெகட்டிவ்களை 10,000 பிராங்குக்கு அரசு வாங்கிக்கொண்டது. அப்புறம்தான் விற்பனையைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படாமல் தனக்குப் பிடித்ததை எடுத்தார். வாலெட் தெருவும், கண்ணாடியில் எதிர்க் கட்டடம் பிரதிபலிக்கும் கோபிலான் சாலைத் துணிக்கடையும் அந்தக் காலத்துப் படங்கள்தான்.

அவர் குடியிருந்த அதே தெருவில்தான் அமெரிக்கக் கலைஞர் மேன் ரேயும் இருந்தார். 1912 கிரகணத்தை ஒரு கூட்டம் அண்ணாந்து பார்க்கும் அட்ஜேவின் படத்தை, 1926-ல் சர்ரியலிஸ்டுகளின் பத்திரிகை அட்டையில் போட்டார்கள். என் பெயர் வேண்டாம், இவை வெறும் ஆவணங்கள் என்ற எண்ணத்தில் அட்ஜே மறுத்துவிட்டார். படம் பெயரில்லாமல்தான் வந்தது.

மேன் ரேயின் உதவியாளராக இருந்த பெரனீஸ் அபாட்டுக்கு அப்போது இருபதுகளின் இறுதி. அட்ஜேவின் படங்களைப் பார்த்து ஆடிப்போனவர், அவரிடமிருந்து பிரின்ட்கள் வாங்க ஆரம்பித்தார். வாலன்டைன் 1926-ல் இறந்திருந்தார். அடுத்த வருடம், தன் ஸ்டுடியோவுக்கு வரச் சொல்லி அட்ஜேவைப் படம் எடுத்தார் அபாட். ஒட்டுப்போட்ட வேலை உடுப்பில் வருவார் என்று எதிர்பார்த்தால், அவர் நல்ல ஓவர்கோட் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்! அபாட்டுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பிரின்ட் போட்டு எடுத்துக்கொண்டு அட்ஜேவின் வீட்டு மாடி ஏறினால், கதவில் அந்தப் பலகை இல்லை. கீழே இருந்த காவல்காரரிடம் விசாரித்தபோதுதான் தெரிந்தது. 1927 ஆகஸ்ட் 4 அன்றே அட்ஜே இறந்துபோயிருந்தார்.

வீட்டில் மிச்சமிருந்த நெகட்டிவ்களும் பிரின்ட்களும் அட்ஜேவின் நண்பரிடம் போயிருந்தன. அபாட் அவரைத் தேடிப் பிடித்து, பணம் புரட்டி, அவற்றில் பெரும் பகுதியை வாங்கி நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். கண்காட்சி, புத்தகம் என்று பல வருடங்கள் அலைந்தார். 1968-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது.

இன்று கூகுளில் அட்ஜே என்று தேடினால், கொஞ்சம் கூன் விழுந்த ஒரு முதியவர், நல்ல ஓவர்கோட்டோடு உங்களைப் பார்ப்பார். அபாட் எடுத்த படம்தான் அது. அட்ஜே அதைப் பார்க்கவே இல்லை.