பிழைத் தபால் தலைக்குக் கொட்டிக் கொடுத்த கோமகன்

பாரீஸ் நகரில் மாட்டிஞோன் மாளிகை என்று ஒரு பெரிய மாளிகை இருக்கிறது. 1935-ம் ஆண்டு முதல் அது பிரெஞ்சுப் பிரதமரின் இருப்பிடம். அதற்கு முன்பு அங்கே ஒரு விசித்திரமான மனிதர் வாழ்ந்தார். அவர் பெயர் பிலிப் பெராரி.

தபால் தலை சேர்ப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் பெரியவர் யார் என்று கேட்டால் பலரும் பெராரியின் பெயரைத்தான் சொல்வார்கள். அவரைப் போல் சேர்த்தவரும் இல்லை. அவரைப் போல் இழந்தவரும் இல்லை.

பட்டம் வேண்டாம்!

பெராரி 1850-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி பாரீசில் பிறந்தார். தந்தை இத்தாலியில் உள்ள ஜெனோவா நகரைச் சேர்ந்தவர். ரெயில் பாதைகளிலும் பாங்குகளிலும் பணம் போட்டுப் பெரும் கோடீசுவரர் ஆனவர். கல்லியேரா கோமகன் என்பது அவருடைய பட்டம்.

பெராரி சிறுவனாக இருந்தபோதே தபால் தலை சேர்க்கத் தொடங்கினார். தாயார் அந்த ஆசைக்குத் தடை சொல்லவில்லை.

1876-ல் தந்தை இறந்தார். பட்டம் மகனுக்கு வரவேண்டும். ஆனால் மகன் அதை வேண்டாம் என்று ஒதுக்கி விட்டார்! ஆஸ்திரிய நாட்டு ராணுவ அதிகாரி ஒருவர் அவரைத் தத்து எடுத்துக்கொண்டார். அதனால் பெராரி ஆஸ்திரியக் குடிமகன் ஆனார். பின்னால் இதுவே அவருக்கு வினையாக முடிந்தது.

தாயார் 1888-ல் காலமானார். மாளிகையை அவர் ஆஸ்திரியச் சக்கரவர்த்திக்கு எழுதி வைத்திருந்தார். அது ஆஸ்திரியத் தூதரகம் ஆயிற்று. அதில் ஒரு பகுதியில் பெராரி தபால் தலைகளோடு குடியிருந்தார். பட்டத்தை உதறினாலும் பணத்துக்குக் குறைவு இல்லை. அந்தப் பணம் எல்லாம் தபால் தலையாக மாறியது.

கணக்குப் பிள்ளை

சேர்ந்த தலைகளைத் தரம் பிரித்து அடுக்கி வைக்க ஒரு ஆள் வேண்டும் அல்லவா? பியர் மாயே என்ற பாரீஸ் தபால் தலை வியாபாரியை 1874-ல் அதற்கென்றே அமர்த்தினார்.

ஒவ்வொன்றாக வாங்குவதோடு அவர் நிற்கவில்லை. மற்றவர்கள் ஆயுள் முழுவதும் சேர்த்ததை அப்படியே மொத்தமாக வாங்கினார். இங்கிலாந்தில் பில்பிரிக் என்ற வக்கீல் வைத்திருந்த தொகுப்புக்கு 1882-ல் அவர் கொடுத்த விலை 8 ஆயிரம் பவுன்!

பிழைக்கு ஏன் விலை?

பெராரிக்கு மிகவும் பிடித்தவை, அச்சுப் பிழை உள்ள தபால் தலைகள். பிழைக்கு எதற்காக விலை கொடுக்க வேண்டும்?

தபால் தலையை சர்க்கார் கண்ணும் கருத்துமாக அச்சிடுகிறது. தவறு நேர்ந்தால் அந்தத் தாளைக் கிழித்து எறிந்து விடுவார்கள். தப்பித்தவறி ஒன்றிரண்டு வெளியே வந்து விடுகிறது. லட்சக்கணக்கான நல்ல தலைகளுக்கு நடுவே அது ஒன்றுதான் வேறாக இருக்கும். அதனால்தான் அதற்கு மவுசு.

நம் நாட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1854-ல் கல்கத்தாவில் 4 அணா தபால் தலை அச்சிட்டார்கள். விக்டோரியா ராணியின் தலை நீல நிறம். சுற்றிலும் உள்ள சட்டம் சிவப்பு நிறம். இரண்டு நிறத்தையும் தனித்தனியாக அச்சிட வேண்டும். சில தாள்கள் தலைகீழாகத் திரும்பி விட்டன. சட்டம் நேராக இருக்க, ராணி தலைகீழாக நின்றார்! இன்று அது கிடைப்பதற்கு அரிய பொருள்.

மஞ்சள் தலை

பெராரி வாங்கியவற்றில் புகழ் பெற்றது சுவீடன் நாட்டுத் தபால் தலை. ஸ்கில்லிங் என்பது அந்த நாட்டின் பழைய நாணயம். 1855-ல் வந்த 3 ஸ்கில்லிங் தலையின் நிறம் நீலம் கலந்த பச்சை. 8 ஸ்கில்லிங் தலைதான் மஞ்சள். ஆனால் ஒரே ஒரு 3 ஸ்கில்லிங் தலை மஞ்சளாக இருந்தது. 8 ஸ்கில்லிங் அச்சுகளுக்கு நடுவே ஒரு 3 ஸ்கில்லிங் அச்சைத் தவறுதலாகப் பொருத்தி விட்டார்கள் என்று கருதப்படுகிறது.

1880-களில் ஒரு பள்ளிக்கூடப் பையன், பாட்டி வீட்டுப் பழைய கடிதங்களுக்கு இடையே அதைக் கண்டெடுத்தான். ஒரு வியாபாரியிடம் கொண்டு போனான். 7 குரோனர் கிடைத்தது. பையனுக்கு ஆனந்தம்! 1894-ல் வியன்னா வியாபாரி ஒருவரிடமிருந்து அதைப் பெராரி வாங்கினார். விலை, 4 ஆயிரம் கில்டர்.

தென் அமெரிக்காவில் உள்ள பிரிட்டிஷ் கயானாவின் 1 சென்ட் தலையும் அவரிடம் இருந்தது. உலகத்திலேயே ஒன்றுதான் இருப்பதாகச் சொல்லப்படும் தலை அது.

பெராரியிடம் ஒரு பலவீனமும் இருந்தது. எது புதிதாக இருந்தாலும் வாங்கி விடுவார். மோசடிக்காரர்கள் இதைத் தெரிந்து கொண்டார்கள். அவருக்கென்றே போலிப் பிழைத் தலைகளைத் தயார் செய்தார்கள்! அவற்றுக்குப் பெராரிட்டி என்று கேலிப் பெயர் கூட வந்தது. போலி என்று சந்தேகம் வந்தாலும் அவர் வாங்கினார் என்று சொல்வார்கள். உண்மையானது ஒன்று கை தவறிப் போய் விடக்கூடாது என்ற பயம்தான் காரணமாம். பணம் இருந்ததால் அந்தப் பயமும் அவருக்குக் கட்டுப்படியாயிற்று.

போர் வந்தது

1914-ல் உலகப் போர் மூண்டது. பிரான்சுக்கு ஆஸ்திரியா எதிரி. பெராரி பிறந்து வளர்ந்தது பாரீஸ்தான். ஆனாலும் சட்டப்படி அவர் எதிரி நாட்டவர். அவர் சுவிட்சர்லாந்துக்குப் போனார். தபால் தலைகள் பாரீசிலேயே தங்கி விட்டன.

தொகுப்பு சிதறக்கூடாது என்பதே அவருடைய கவலை. இங்கிலாந்தில் டாப்ளிங் என்ற பணக்காரர் 1891-ல் இறந்தபோது, தன் தபால் தலைகளை லண்டன் மியூசியத்துக்கு எழுதி வைத்திருந்தார். அது கலையாமல் நின்றது. பெராரியும் 1915-ல் உயில் எழுதினார். ஆனால் அவர் தேர்ந்தெடுத்தது ஜெர்மனியின் பெர்லின் தபால் மியூசியத்தை! போர் நடுவே, பாரீசில் இருக்கும் சொத்து பெர்லினுக்கு எப்படிப் போகும்?

1917 மே 20-ந் தேதி லோசான் நகரில் அவர் இறந்தார். பிள்ளை குட்டி இல்லை.

போர் முடிந்தது. எதிரியின் சொத்து என்று பிரெஞ்சு சர்க்கார் எல்லாவற்றையும் கைப்பற்றியது. 1921 முதல் 1925 வரை 14 தடவை ஏலம் நடந்தது. 2 கோடி பிராங்குக்கு மேல் கிடைத்தது. ஜெர்மனி கொடுக்க வேண்டிய போர் நஷ்ட ஈட்டில் அந்தப் பணத்தை வரவு வைத்தார்கள்.

அரை நூற்றாண்டுக்கு மேல் சேர்த்தது நாலு வருடத்தில் கலைந்தது. மஞ்சள் தலை சுவீடன் நாட்டுப் பிரபு ஒருவருக்குப் போயிற்று. கயானா தலையை 1922-ல் ஆர்தர் ஹிண்ட் என்ற அமெரிக்க ஆலை முதலாளி எடுத்தார்.

அதற்குப் பிறகு கயானா தலை பல கை மாறியது. 2021-ல் நியூயார்க்கில் ஏலம் போனபோது அதன் விலை 83 லட்சம் டாலர். அதன் பின்புறத்தில் மூன்று இலை வடிவத்தில் ஒரு சின்ன முத்திரை இருக்கிறது. அது பெராரி குத்திய அடையாளம்.