சேவைச் சுடர் ஐடா ஸ்கடர் அம்மையார்

நம் இரும்புலியூரை ஒட்டிச் செல்கிறது ஜி.எஸ்.டி. சாலை. காலையில் பள்ளிக்கு வரும் அவசரத்தில் அதைக் கடப்பதே நமக்குப் பெரும்பாடு. அந்தச் சாலை எங்கே போகிறது என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. வண்டலூர், செங்கற்பட்டு, மதுராந்தகம் எல்லாம் தாண்டி ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் சென்றால் திண்டிவனம் வரும். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் அவ்வூரில் ஓர் இரவில் நடந்த துயர நிகழ்ச்சிதான் தமிழகப் பெண்களின் மருத்துவ வரலாற்றையே மாற்றியது. அந்நிகழ்ச்சியின் நாயகி டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

எதிர்காலத்தில் என்ன ஆக விரும்புகிறீர்கள் என்று வகுப்பில் ஆசிரியை கேட்டால், டாக்டர் என்று சொல்லப் பல கைகள் உயர்கின்றன. நர்ஸ் என்று சொல்ல ஒன்றிரண்டு கைகளே, அதுவும் தயங்கித் தயங்கி உயர்கின்றன. இந்தத் தயக்கம் சரிதானா என்று எண்ணிப் பார்க்கவே அம்மையாரின் வாழ்க்கையை இம்மலரில் எழுத முற்பட்டோம்.

ஐடா 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். பெற்றோர் அமெரிக்கர்கள். பாட்டனார் ஜான் ஸ்கடர் மிஷனரி மருத்துவராக முதலில் யாழ்ப்பாணத்திலும் பின்னர் சென்னையிலும் பணியாற்றியவர். தந்தையும் மருத்துவரே. ஐடா சிறுமியாக இருந்தபோதுதான் 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் தமிழகத்தை வாட்டியது. பசியால் வாடிய குழந்தைகளுக்குத் தம் பிஞ்சுக் கைகளால் உணவு ஊட்டிய காட்சி அவர் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. ஆனால் அந்த நினைவே அவருக்கு இந்நாட்டின்மீது ஓர் அச்சத்தையும் உண்டாக்கிற்று. படிப்பதற்காக அமெரிக்கா சென்ற ஐடா, தம் குடும்பத்தாரைப் போல் மிஷனரியாக வருவதில்லை, அங்கேயே மணம் முடித்து வசதியாக வாழ்வது என்று முடிவு செய்திருந்தார்.

1890-இல் தாயார் நோயுற்றார். அவரைக் கவனித்துக்கொள்ள ஐடா திண்டிவனம் வந்தார். சில காலம் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்பதே அவர் எண்ணம்.

ஓர் இரவு அவர் தனியே படித்துக்கொண்டிருந்தபோது பிராமணர் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். இளம் வயதினளான தம் மனைவி பிரசவ வேதனையில் துடிக்கிறாள் என்றும், உடனே வந்து காப்பாற்ற வேண்டும் என்றும் வேண்டினார். தாம் மருத்துவம் பயிலாதவர் என்றும், தம் தந்தையை அழைத்து வருவதாகவும் ஐடா கூறினார். அவர் உடன்படவில்லை. அயல் ஆடவர் ஒருவர் தம் மனைவியைத் தொட்டுச் சிகிச்சை செய்வதைவிட அவள் இறப்பதே மேல் என்று எண்ணித் திரும்பிச் சென்றார். சற்று நேரத்தில் முஸ்லிம் அன்பர் ஒருவர் அதே வேண்டுகோளுடன் வந்தார். அவருக்குப் பின் உயர்சாதி இந்து ஒருவர் வந்தார். அவர்களும் ஆண் மருத்துவரை ஏற்க மறுத்துச் சென்றுவிட்டனர். பொழுது விடிந்ததும் ஊருக்குள் சாவு மேளம் ஒலித்தது. ஆள் அனுப்பி விசாரித்ததில், மூன்று பெண்களுமே மடிந்துவிட்டார்கள் என்று தெரியவந்தது.

மருத்துவர் அருகிலேயே இருந்தார், மருந்தும் இருந்தது. ஆயினும் மூன்று உயிர்கள் போயின. இல்லாமற்போனது பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் கைதான். இதை உணர்ந்த ஐடா, தம் முடிவை மாற்றிக்கொண்டு மருத்துவம் பயில அமெரிக்கா சென்றார். பிலடெல்பியாவிலிருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, பின்னர் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் பெண்கள் குழுவில் அவரும் ஒருவர். புறப்படுமுன் ஷெல் என்ற செல்வர், காலஞ்சென்ற தம் மனைவியின் நினைவாக மருத்துவமனை கட்டப் பத்தாயிரம் டாலர் வழங்கினார்.

1900-இல் வேலூர் வந்த சில மாதங்களிலேயே தந்தையார் காலமானார். வழிகாட்ட வேண்டியவர் மறைந்தாலும் அம்மையார் மனம் தளரவில்லை. வீட்டிலேயே ஒரே ஒரு கட்டிலுடன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். தொடக்கத்தில் நோயாளிகள் வரத் தயங்கினர். பின்னர் கூட்டம் பெருகியது. 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

அப்போதுதான் அவருக்கு மற்றோர் உண்மை புலப்பட்டது. அறுவைச் சிகிச்சை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் இரவும் பகலும் நாடி பார்க்க வேண்டும். காய்ச்சல் ஏறுகிறதா என்று கவனிக்க வேண்டும். புண்ணைச் சுத்தம் செய்து கட்ட வேண்டும். கருவிகளையும் துணிகளையும் கொதிக்க வைக்க வேண்டும். படுத்த படுக்கையாய் இருப்பவரைப் புரட்டிவிட்டுப் பால், கஞ்சி ஊட்ட வேண்டும். இவற்றைச் செய்ய ஆள் இல்லையேல் மருத்துவரின் திறமை முழுதும் வீண்தானே! ஆரம்பத்தில் அம்மையாருக்குத் துணையாக இருந்தவர் வீட்டுப் பணியாளரின் மனைவியான சலோமி. அம்மையார் தாமே அவருக்குப் பயிற்சி அளித்தார். ஆனால் ஒரு சலோமி போதுமா?

செவிலியர் கல்வி அன்று உலகிற்கே புதிது. கிரிமியப் போரில் வீரர்களுக்குப் பணிபுரிந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1860-இல்தான் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தம் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். நம் நாட்டில் 1871-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி தொடங்கியது. எனினும் நல்ல குடும்பத்துப் பெண்கள் முன்வரவில்லை. பிறர் உடலைத் தொடுவதும், மலசலம் எடுப்பதும், இரவில் வெளியே தங்குவதும் இழிவு என்று கருதப்பட்ட காலம் அது. இந்நிலையிலும் 1909-இல் அம்மையார், அமெரிக்கச் செவிலியரான டீலியா ஹௌட்டன் அம்மையாரின் துணையுடன் வேலூரில் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அவர் தொடங்கியது 1918-இல்தான். அதாவது பெண் மருத்துவர்களை உருவாக்குவதற்கு 9 ஆண்டுகள் முன்னதாகவே அவர் செவிலியரை உருவாக்கத் தொடங்கிவிட்டார். இன்று புகழுடன் விளங்கும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அடிக்கல்லாய் அமைந்தது ஒரு செவிலியர் பள்ளி என்று சொன்னால் மிகையாகாது.

மருத்துவமனைக்கு வர இயலாதவர்களைத் தேடி அம்மையார் கிராமங்களுக்கும் சென்றார். முதலில் மாட்டு வண்டியிலும் பிறகு பெஜோ காரிலும் குடியாத்தம் சாலையில் சென்று, மரத்தடிகளில் நிறுத்தி மருந்து கொடுத்தும் புண்களுக்குக் கட்டுப்போட்டும் வந்தார். 1918-இல் மருத்துவப் பள்ளி தொடங்கியபோது பெண்களால் படிக்க முடியுமா என்று அதிகாரிகள் ஐயுற்றனர். முதல் அணி மாணவியர் முதலாண்டுத் தேர்வில் அனைவரும் தேறி அந்த ஐயத்தைப் போக்கினர். 1930-களின் இறுதியில், மருத்துவப் பள்ளிகள் பட்டம் வழங்கும் கல்லூரிகளாக உயரவேண்டும் என்று அரசு விதித்தது. எழுபது வயதை எட்டியிருந்த அம்மையார், உலகப் போர் நடந்துகொண்டிருந்த நாட்களில் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார்.

அவர் ஓய்வுபெற்ற 1946-ஆம் ஆண்டிலேயே அவர் நட்ட செவிலியர் பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. இந்தியாவில் முதன்முதலாக பி.எஸ்ஸி. நர்சிங் பட்டப்படிப்பு அவ்வாண்டு தில்லியிலும் வேலூரிலும் தொடங்கியது. அவருக்குப் பின் டாக்டர் ஹில்டா லாசரஸ் அம்மையார் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்றார். மணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்த ஐடா அம்மையார் 1960 மே மாதம் கொடைக்கானலில் தமது 89-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

செவிலியர் பணியின் அருமையை அறிய நாம் வேலூர்வரை போகவேண்டியதில்லை. 1928-இல் டாக்டர் சௌரி முத்து அவர்கள் தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையை நிறுவியபோது அந்நோய்க்கு மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-இல்தான். நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு, கனிவான கவனிப்பு இவையே அன்றைய சிகிச்சை. மருந்து இல்லாத காலத்தில் செவிலியரின் பணிவிடையே மருந்தாக இருந்தது எனலாம். பின்னர் 1990-களில் எய்ட்ஸ் நோயாளிகளைக் கண்டு பலரும் விலகி ஓடியபோது அவர்களை ஏற்றுக்கொண்டதும் இதே சானடோரியம்தான். 2020-இல் கொரோனா பரவியபோது, உறவினரும் நெருங்க முடியாத வார்டுகளில் கவச உடையுடன் வியர்வையில் நனைந்து நின்றவர்களும் செவிலியர்களே.

இன்று இத்துறை பெரிதும் வளர்ந்துள்ளது. மேல்நிலைக் கல்விக்குப் பின் 3 ஆண்டுப் பட்டயப் படிப்பும் 4 ஆண்டுப் பட்டப்படிப்பும் உள்ளன. மேற்படிப்பும் முனைவர் பட்டமும் பெறலாம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கென்றே தனி மேற்படிப்பு வந்துள்ளது. ஆண்களும் இப்பணியில் சேர்கின்றனர். கிராம சுகாதாரச் செவிலியர்கள் கருவுற்ற தாய்மாரை வீடு தேடிச் சென்று பார்க்கின்றனர். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைக் காணும்போது, குடியாத்தம் சாலையில் சென்ற அம்மையாரின் வண்டி நம் நினைவுக்கு வருகிறது. குறைகளும் இல்லாமல் இல்லை. ஒரே செவிலியர் பல நோயாளிகளைக் கவனிக்க வேண்டியிருப்பதும், உழைப்புக்கேற்ற ஊதியம் பல இடங்களில் கிடைக்காததும், அதனால் பலர் வெளிநாடு செல்வதும் நாம் அறிந்தவையே. நர்ஸ் என்றால் டாக்டருக்கு ஒரு படி குறைவு என்று எண்ணும் மனப்பான்மையும் நம் வீடுகளில் இன்னும் நீங்கவில்லை.

அன்புச் சகோதரிகளே! திண்டிவனத்தில் அந்த இரவில் மூன்று வீடுகளும் தேடியது பயிற்சி பெற்ற ஒரு பெண்ணைத்தான். இன்று நம் ஊரில் அத்தகைய பெண்கள் இருப்பதற்கு ஐடா அம்மையாரைப் போன்றோரின் உழைப்பே காரணம். நம்மில் எல்லாரும் செவிலியராக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை வகுப்பில் இந்தக் கேள்வி எழும்போது, அப்பணியை விரும்புகிறவள் தயங்காமல் கையை உயர்த்தட்டும். அவளைப் பார்த்துச் சிரிக்காமல், மனமார வாழ்த்த நாம் கற்றுக்கொள்வோமாக!